ஷெட்டில் விடும் முன்: வாசகர் கேள்வி – பதில்

‘வண்டி ரோட்டில் ஓடியதைவிட ஷெட்டில் நின்றதுதான் அதிகம்’ என்ற புலம்பல் கடிதங்களே இம்முறை குவிந்திருக்கின்றன. பெரும்பாலானவற்றில் செலவு எகிறியதற்குக் காரணம் பழுது அல்ல. எது பழுது என்று பார்க்காமலே ஒவ்வொன்றாக மாற்றியதுதான்.

2014 மாடல் பெட்ரோல் கார். காலையில் ஒரே சாவியில் ஸ்டார்ட் ஆகிறது. முக்கால் மணி நேரம் ஓடி, கத்திப்பாரா நெரிசலில் ஊரும்போது பொசுக்கென்று ஆஃப் ஆகிவிடும். அரை மணி நேரம் ஓரங்கட்டினால் ஒன்றுமே நடக்காதது போல ஸ்டார்ட் ஆகும். பேட்டரி, ஸ்பார்க் பிளக், ஃபியூயல் பம்ப் மாற்றி, த்ராட்டில் பாடி கழுவி 31,000 ரூபாய் போய்விட்டது. இப்போது ‘ஈசிஎம் (இன்ஜின் கம்ப்யூட்டர்) போயிருக்கும் சார், மாத்திப் பார்க்கலாம்’ என்கிறார் மெக்கானிக். மாற்றலாமா? – வாசகர், மடிப்பாக்கம்

வேண்டாம். சூடானால் நிற்கும், ஆறினால் ஓடும் என்ற புகாருக்கு முதலில் சந்தேகப்பட வேண்டியது கிராங்க் ஷாஃப்ட் பொசிஷன் சென்சாரை. இன்ஜின் சுற்றுகிறதா, பிஸ்டன் எந்த இடத்தில் இருக்கிறது என்று கம்ப்யூட்டருக்குச் சொல்வது அதுதான். அந்த சிக்னல் நின்றால் ஸ்பார்க்கும் வராது, பெட்ரோலும் பீய்ச்சாது. பல கார்களில் இந்த சென்சாருக்குள் இருப்பது மெல்லிய செம்புக் கம்பிச் சுருள். அதில் மயிரிழை வெட்டு விழுந்திருந்தால், குளிர்ந்திருக்கும்போது முனைகள் ஒட்டிக்கொள்ளும். இன்ஜின் சூட்டில் விரிந்ததும் விட்டுப்போகும். ஷெட்டுக்கு வண்டி வந்து, ஆறி, பானட் திறக்கும் நேரத்தில் எல்லாமே சரியாக இருக்கும். காய்ச்சல் விட்ட பிறகு தெர்மாமீட்டர் வைப்பது மாதிரிதான். அதனால்தான் கண்டுபிடிக்க முடியாமல் ஒவ்வொன்றாக மாற்றியிருக்கிறார்கள்.

வண்டி நின்ற அந்த அரை மணி நேரம்தான் பரிசோதனைக்கு உரிய நேரம். அடுத்த முறை நின்றதும் ஓரமாகத் தள்ளி, ஹஸார்டு போட்டுவிட்டு மூன்று விஷயங்களைப் பாருங்கள்.

சாவியை ‘ஆன்’ வரை மட்டும் திருப்புங்கள். பின் சீட்டுக்கு அடியிலிருந்து இரண்டு விநாடி ‘உய்ங்’ என்று பம்ப் ஓடும் சத்தம் வருகிறதா? வந்தால் பம்ப், ரிலே, ஃபியூஸ் பெரும்பாலும் சரி. டாஷ்போர்டில் சாவிப் படம் போட்ட இம்மொபிலைசர் (திருட்டுத் தடுப்பு) விளக்கு விடாமல் மின்னுகிறதா? மின்னினால் பிரச்சினை சாவியில் அல்லது அதன் ஆன்டெனாவில். அடுத்து செல்ஃப் அடிக்கும்போது ஆர்பிஎம் முள் லேசாகவாவது எழும்புகிறதா? பல மாடல்களில் செல்ஃப் சுற்றும்போது முள் 200, 300ஐத் தொடும். அசையவே இல்லை என்றால் கிராங்க் சென்சார் மேல் சந்தேகம் வலுக்கிறது. முள்ளை மட்டும் நம்ப வேண்டாம். காரின் கம்ப்யூட்டரைப் படிக்கும் ஓபிடி ஸ்கேனரில் ‘லைவ் டேட்டா’ திறந்து செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். அங்கேயும் ஆர்பிஎம் பூஜ்யம் என்றால் சிக்னல் வரவில்லை. பி0335 என்ற பழுதுக் குறியீடு (கோடு) பதிவாகியிருந்தால் இன்னும் நல்லது. ஆனால் கோடு விழாமலும் இந்தப் பழுது வரும்.

உறுதிசெய்ய ஒரு பழைய வழி உண்டு. வண்டி நின்ற நிலையில் சென்சார் மேல் மட்டும் ஈரத்துணியைச் சுற்றிக் குளிரவையுங்கள். இரண்டு மூன்று நிமிடத்தில் ஸ்டார்ட் ஆனால் குற்றவாளி அகப்பட்டது. கையை சைலன்சர் மேனிஃபோல்டில் வைத்துவிடாதீர்கள். புது சென்சார் போடும் முன் அதன் கனெக்டரையும் ஒயரையும் விரலால் வளைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். சூட்டில் மொறுமொறுவென்று ஆன ஒயர் உள்ளே அறுந்து, வெளியே முழுசாகத் தெரியும். பல மாடல்களுக்கு இந்த சென்சார் ஆயிரத்திலிருந்து மூவாயிரம் ரூபாய்க்குள் முடிகிற சாமான்.

சிக்னல் சரியாக இருந்து, பம்ப் சத்தமும் கேட்டு, வண்டி கிளம்பவில்லை என்றால் ஃபியூயல் பிரஷர் கேஜ் மாட்டுங்கள். பெரும்பாலான பெட்ரோல் கார்களில் 3 முதல் 4 பார் இருக்க வேண்டும். ஈசிஎம் பட்டியலில் கடைசி. அதையும் பவர், எர்த் இரண்டும் அதன் பின்களுக்கு வருகிறதா என்று மீட்டர் வைத்துப் பார்க்காமல் கழற்ற விடாதீர்கள்.

மெக்கானிக்கிடம் சண்டை போட வேண்டியதில்லை. ‘அண்ணே, நிக்கும்போது போன் பண்றேன், ஸ்கேனரோட வாங்க, செக்கிங்குக்குத் தனியா காசு தர்றேன்’ என்று சொல்லிப் பாருங்கள். கண்டுபிடிக்கிற வேலைக்கு நாம் காசு தராததால்தான் அவர் சாமான் மாற்றி சம்பாதிக்க வேண்டியிருக்கிறது.

மூன்று நாள் எடுக்காமல் விட்டால் பேட்டரி செத்துவிடுகிறது. ஒன்றரை வருடத்தில் இரண்டு பேட்டரி. – வாசகி, அண்ணா நகர்

மூன்றாவது வாங்கும் முன் 500 ரூபாய் மல்டிமீட்டர் ஒன்று வாங்குங்கள். இரவு நிறுத்திய வண்டியில் காலையில் 12.6 வோல்ட், ஓடும்போது 13.8 முதல் 14.5 வரை. ஓடும்போது 13.2க்குக் கீழே நின்றால் ஆல்டர்னேட்டர் சார்ஜ் செய்யவில்லை. 15ஐத் தாண்டினால் ரெகுலேட்டர் பேட்டரியை வேகவைக்கிறது. இரண்டும் சரி என்றால் கரண்ட் எங்கேயோ கசிகிறது. நெகட்டிவ் டெர்மினலைக் கழற்றி, இடையில் மீட்டரை 10 ஆம்பியரில் கோத்து, கதவெல்லாம் மூடி அரை மணி நேரம் விடுங்கள். 50 மில்லி ஆம்பியருக்குமேல் காட்டினால் ஃபியூஸ்களை ஒவ்வொன்றாகப் பிடுங்குங்கள். எதைப் பிடுங்கும்போது அளவு சடாரென்று விழுகிறதோ அந்த லைன்தான். மீட்டர் கோத்திருக்கும்போது செல்ஃப் அடித்தால் மீட்டர் போய்விடும். பெரும்பாலும் பிறகு மாட்டிய மியூசிக் சிஸ்டம், ஜிபிஎஸ், டேஷ் கேமரா, அணையாத டிக்கி விளக்கு இவற்றில் ஒன்றுதான் சிக்கும்.

பெருங்களத்தூர் சிக்னலில் நின்றால் டெம்பரேச்சர் முள் ஏறுகிறது. ஜிஎஸ்டி ரோட்டில் ஓட ஆரம்பித்தால் இறங்கிவிடுகிறது. ‘ஹெட் கேஸ்கட் போயிடுச்சு, 40,000 ஆகும்’ என்கிறார்கள். – வாசகர், கூடுவாஞ்சேரி

நீங்களே விடையைப் பாதி எழுதிவிட்டீர்கள். நின்றால் ஏறி, ஓடினால் இறங்குவது காற்றுப் பிரச்சினை. ஓடும்போது எதிர்க்காற்று ரேடியேட்டரைக் குளிர்விக்கிறது, நிற்கும்போது ஃபேன்தான் அதைச் செய்ய வேண்டும். நேர்மாறாக, வேகமாக ஓடும்போது ஏறினால்தான் தண்ணீர் ஓட்டத்தில் கோளாறு: அடைத்த ரேடியேட்டர், திறக்காத தெர்மோஸ்டாட், இறக்கை தேய்ந்த வாட்டர் பம்ப்.

இன்ஜினை ஓடவிட்டு ஏசியைப் போடுங்கள். பெரும்பாலான கார்களில் சில விநாடிகளில் ஃபேன் சுற்ற வேண்டும். சுற்றவில்லையா? ஃபியூஸ் பாக்ஸில் ஃபேன் ரிலேவைப் பிடுங்கி, அதே நம்பர் உள்ள ஹாரன் ரிலேவை அங்கே செருகிப் பாருங்கள். ஃபேன் ஓடினால் சில நூறு ரூபாயில் தீர்ந்தது. ஓடவில்லையென்றால் ஃபேன் மோட்டாருக்குப் பேட்டரியிலிருந்து நேராகக் கரண்ட் கொடுக்கச் சொல்லுங்கள். நேரடிக் கரண்டிலும் சுற்றாவிட்டால் மோட்டார்தான் பழுது, பெரும்பாலும் அதன் கார்பன் பிரஷ் தேய்ந்திருக்கும். சுற்றினால் ஒயரிங்கையோ டெம்பரேச்சர் சென்சாரையோ பாருங்கள். ஏசி போட்டால் ஓடி, சூட்டுக்கு மட்டும் ஓடாத ஃபேன் என்றால் சென்சாரிலிருந்து தொடங்குங்கள்.

ரேடியேட்டர் மூடியையும் விடாதீர்கள். அதிலுள்ள ஸ்பிரிங்கும் ரப்பரும் சுமார் 1 பார் அழுத்தத்தைப் பிடித்துவைப்பதால்தான் கூலன்ட் 100 டிகிரி தாண்டியும் கொதிக்காமல் இருக்கிறது. ரப்பர் தளர்ந்த மூடி கூலன்ட்டை ரிசர்வாயர் வழியாகக் கொட்டிவிடும். எக்காரணம் கொண்டும் சூடாக இருக்கும்போது திறக்காதீர்கள்.

ஹெட்டுக்கும் இன்ஜின் பிளாக்குக்கும் இடையிலுள்ள கேஸ்கட் போயிருக்கிறதா என்று தெரிந்துகொள்ள ஹெட்டைக் கழற்ற வேண்டியதில்லை. ரேடியேட்டர் வாயில் நீலத் திரவம் ஊற்றிய குழாயை வைத்து இன்ஜினை ஓட்டும் சோதனை ஒன்று இருக்கிறது. எரிந்த புகை கூலன்ட்டில் கலந்திருந்தால் நீலம் மஞ்சளாகும். அது மஞ்சளாகி, கூலன்ட்டும் தானாகக் குறைந்தால் மட்டும் ஹெட்டைக் கழற்றுங்கள். ஆயில் மூடிக்கு அடியில் மோர் நிறத்தில் பிசுபிசுப்பும் இருந்தால் சந்தேகம் இன்னும் வலுக்கும். கழற்றினால் அரைகுறையாக மூடக் கூடாது. லேத்தில் ஹெட் மட்டமாக இருக்கிறதா என்று ஸ்ட்ரெய்ட் எட்ஜும் ஃபீலர் கேஜும் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். கோணியிருந்தால் ஸ்கிம்மிங் (மட்டமாகச் சீவுதல்) வேண்டும். பல இன்ஜின்களில் ஹெட் போல்ட்டுகள் ஒருமுறை இறுக்கினால் நீண்டுவிடும் வகை. பழையதையே போட்டால் ஆறு மாதத்தில் அதே ஷெட்டுக்கு மறுபடி போவீர்கள்.

கடைசியாக, குறைகிறது என்று போர் தண்ணீரை ஊற்றியிருந்தால் அதை உடனே நிறுத்துங்கள். சென்னைப் புறநகர் போர் தண்ணீரில் இருக்கும் உப்பு பக்கெட்டில் வெள்ளையாகப் படிவதைப் பார்த்திருப்பீர்கள். ரேடியேட்டர் குழாய்க்குள்ளும் அதுதான் படிகிறது. கூலன்ட்டும் டிஸ்டில்டு வாட்டரும் சரிபாதி. ரெடிமிக்ஸ் வாங்கினால் தண்ணீர் சேர்க்கவே கூடாது.

ஒவ்வொரு ஏப்ரலிலும் ஏசி கேஸ் நிரப்புகிறேன். மூன்று வருடமாக இதே கதை. – வாசகர், திருவான்மியூர்

ஏசி கேஸ் பெட்ரோல் போலத் தீர்ந்துபோகிற சரக்கு இல்லை. வருடத்துக்கு ஒருமுறை நிரப்ப வேண்டியிருந்தால் ஓட்டை இருக்கிறது என்றே பொருள். கடலோரம் இருப்பதால் முதலில் முன்பக்கக் கண்டென்சரைப் பாருங்கள். உப்புக்காற்றில் அலுமினியம் அரித்து, எண்ணெய்க் கறை படிந்த இடம் தெரியும். கேஸோடு கம்ப்ரசர் ஆயிலும் கசிவதால் கறைதான் துப்பு. அங்கே இல்லையென்றால் பைப் மூட்டுகளின் ஓ-ரிங், கம்ப்ரசர் முன் சீல், கடைசியாக டாஷ்போர்டுக்குள் இருக்கும் கூலிங் காயில். அதைக் கழற்ற டாஷ்போர்டையே இறக்க வேண்டியிருக்கும் என்பதால் ஊகத்தில் கைவைக்க விடாதீர்கள். நைட்ரஜன் அடைத்து, பிரஷர் இறங்குகிறதா என்று பார்த்து, சோப்பு நுரையால் இடத்தைக் கண்டுபிடிக்கும் கடைக்குப் போங்கள்.

சரிசெய்த பிறகு அரை மணி நேரமாவது வேக்குவம் ஓட வேண்டும். கேஸை எடை போட்டுத்தான் ஏற்ற வேண்டும். சின்ன கார்களுக்கு ஆர்134ஏ பெரும்பாலும் 350 முதல் 500 கிராம். சரியான அளவு பானட்டுக்கு அடியில் ஸ்டிக்கரில் இருக்கும். ‘கூலிங் வர்ற வரைக்கும் விடலாம்’ என்று அதிகம் ஏற்றினால் கூலிங் குறையும், கம்ப்ரசரும் போகும்.

மழையில் பார்க்கிங்கில் தண்ணீர் சீட் வரை ஏறியது. வடிந்ததும் ஸ்டார்ட் செய்தேன், ‘டக்’ என்று நின்றுவிட்டது. கனெக்டிங் ராடு வளைந்திருக்கிறது, இன்ஜினுக்கு இன்ஷூரன்ஸ் கிடையாது என்கிறார்கள். ஃபுல் கவர்தானே எடுத்தேன்? – வாசகர், வேளச்சேரி

சாதாரண காம்ப்ரிஹென்சிவ் பாலிசி வெள்ளச் சேதத்தை ஏற்கும். ஆனால் தண்ணீர் புகுந்த இன்ஜினை ஸ்டார்ட் செய்ததால் ராடு வளைந்தால், அது வெள்ளத்தால் நேரடியாக வந்த சேதம் அல்ல, தொடர்விளைவு என்று கழித்துவிடுவார்கள். அதற்குத்தான் ‘இன்ஜின் புரொடெக்ட்’ என்ற ஆட்-ஆன். பாலிசித் தாளில் அந்த வரி இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இல்லாவிட்டாலும் சீட், கார்பெட், ஒயரிங், கதவு மோட்டார், ஏர்பேக் யூனிட் ஆகியவற்றுக்கான க்ளைமை விடாதீர்கள். சர்வேயர் நிராகரித்ததை வரிவரியாக, காரணத்தோடு எழுத்தில் கேளுங்கள். ரப்பர், பிளாஸ்டிக், பேட்டரி இவற்றுக்கு 50 சதவீதம் தேய்மானம் கழியும். ஜீரோ டெப் ஆட்-ஆன் இருந்தால் பேட்டரி, டயர் தவிர மற்றவற்றில் பெரும்பாலும் கழியாது. 1500 சிசி வரை ஒவ்வொரு க்ளைமிலும் நீங்கள் ஏற்க வேண்டிய கட்டாயக் கழிவு 1,000 ரூபாய், அதற்கு மேல் 2,000.

மற்ற வாசகர்களுக்கு: சக்கரத்தின் பாதிக்கு மேல் தண்ணீர் நின்ற வண்டியில் சாவியே போடாதீர்கள். காற்று அமுங்கும், தண்ணீர் அமுங்காது. சிலிண்டருக்குள் தண்ணீர் இருக்கும்போது பிஸ்டன் மேலே வந்தால் வளைவது ராடுதான். தண்ணீர்க் கோடு தெரிய போட்டோ எடுத்து, பேட்டரி நெகட்டிவைக் கழற்றி, இன்ஷூரன்ஸுக்குத் தெரிவித்து, டோ செய்து அனுப்புங்கள். ஷெட்டில் முதலில் ஏர் ஃபில்டர் நனைந்திருக்கிறதா, டிப்ஸ்டிக்கில் ஆயில் பால் நிறமா என்று பார்த்து, பிளக்குகளைக் கழற்றிக் கையால் சுற்றித் தண்ணீரை வெளியேற்ற வேண்டும். இன்ஜின் ஆயிலை மாற்றி, கொஞ்ச நேரம் ஓட்டியபின் இன்னொரு முறையும் மாற்றுங்கள். கியர்பாக்ஸ் ஆயிலைப் பலர் மறப்பார்கள். அதன் பிரீதர் வழியாகவும் தண்ணீர் போகும்.

அக்டோபர் பிறந்ததும் வேளச்சேரி மேம்பாலத்தில் வரிசையாகக் கார் நிறுத்துகிறவர்களைப் பார்த்துச் சிரித்தவர்கள் உண்டு. 2015ஐயும் 2023ஐயும் பார்த்தவர்கள் சிரிப்பதில்லை.

பில்லில் போட்டிருக்கும் சாமான் உண்மையில் மாற்றப்பட்டதா என்று எப்படித் தெரியும்? புதுப்பேட்டையில் பழைய சாமான் வாங்கிக் கொடுத்தால் மிச்சமாகுமா? – வாசகி, பெரம்பூர்

ஜாப் கார்டில் கையெழுத்துப் போடும்போதே ‘கழற்றிய சாமான்களைத் திருப்பித் தர வேண்டும், எஸ்டிமேட்டுக்கு மேல் போனால் என் அனுமதி கேட்க வேண்டும்’ என்று உங்கள் கையால் எழுதிவிடுங்கள். பிறகு கேட்பதைவிட இதற்கு மதிப்பு அதிகம். பில்லில் பார்ட் நம்பரும் லேபரும் தனித்தனியாக வேண்டும். 2025 செப்டம்பர் 22 முதல் உதிரிபாகங்களுக்கு ஜிஎஸ்டி 18 சதவீதம்தான், லேபருக்கும் 18. பழைய 28 சதவீதம் பில்லில் இருந்தால் திருத்தச் சொல்லுங்கள். பேச்சு எடுபடவில்லையென்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண். அடுத்தது மாவட்ட நுகர்வோர் ஆணையம். இ-ஜாக்ரிதி தளத்தில் வக்கீல் இல்லாமலே தாக்கல் செய்யலாம். கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் இல்லை, இரண்டு ஆண்டுக்குள் செய்ய வேண்டும். அங்கே உங்களுக்காகப் பேசப்போவது அந்த ஜாப் கார்டும் பழைய சாமானும்தான்.

புதுப்பேட்டையில் கதவு, கண்ணாடி, ஹெட்லைட், பம்பர், சீட், ஸ்டீரியோ என எதையும் தாராளமாக வாங்கலாம். பிரேக், பால் ஜாயிண்ட், ஸ்டீயரிங் சாமான், டைமிங் பெல்ட், ஏர்பேக் இவற்றைப் பழையதாக வாங்கவே கூடாது. புது சாமானுக்கு ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு. கம்பெனி டப்பாவில் வரும் சாமான் பலவற்றைக் கார் கம்பெனி தயாரிப்பதில்லை. ஸ்டார்ட்டர், ஆல்டர்னேட்டர் செய்யும் லூகாஸ் டிவிஎஸ்ஸும், பிரேக் செய்யும் பிரேக்ஸ் இந்தியாவும் நம்ம சென்னையில் பாடி என்ற பகுதியில்தான் இருக்கின்றன. உங்கள் மாடலுக்கு யார் சப்ளை என்று கேட்டு, அவர்கள் பெயரிலேயே வரும் டப்பாவை வாங்கினால் தரம் குறையாமல் விலை குறையும். ஒரே நிபந்தனை, பழைய சாமானைக் கையில் கொண்டுபோங்கள்.

2011 டீசல் செடான். டர்போ, நாலு இன்ஜெக்டர், கிளட்ச், சஸ்பென்ஷன் என்று 1,15,000 எஸ்டிமேட். விற்றால் ஒன்றரை லட்சம்தான் வரும். ஆர்சியும் 2026ல் முடிகிறது. என்ன செய்ய? – வாசகர், கொளத்தூர்

மொத்தத் தொகையைப் பார்க்காதீர்கள், நான்காகப் பிரியுங்கள். கரும்புகை, இழுவை இல்லை என்பதற்காக டர்போவைச் சொல்லியிருந்தால், முதலில் இன்டர்கூலர் ஹோஸைக் கழற்றி வெடிப்பு பார்க்கச் சொல்லுங்கள். அறிகுறி அச்சு அசலாக அதேதான். டர்போ ஷாஃப்ட் பக்கவாட்டில் மிக லேசாக ஆடலாம். முன்னும் பின்னும் ஆடினாலோ, இறக்கை அதைச் சுற்றியுள்ள கூட்டைத் தொட்டாலோ டர்போ போய்விட்டது. இன்ஜெக்டருக்கு லீக்-ஆஃப் சோதனை இருக்கிறது. நான்கு ரிட்டர்ன் குழாய்களையும் நான்கு சிறு குப்பிகளில் விட்டு இன்ஜினை ஓட்டினால், எது மற்றதைவிட மளமளவென்று நிரம்புகிறதோ அதுதான் கெட்டது. நான்கையும் மாற்ற வேண்டியது அபூர்வம். கிளட்சுக்கு, நாலாவது கியரில் 40 கிலோமீட்டர் வேகத்தில் ஆக்சிலரேட்டரை முழுக்க அழுத்துங்கள். வேகம் ஏறாமல் ஆர்பிஎம் மட்டும் பறந்தால் மாற்றத்தான் வேண்டும். அப்போது பின்பக்க ஆயில் சீலையும் சேர்த்து மாற்றுங்கள், கியர்பாக்ஸ் எப்படியும் இறங்கியிருக்கும். சஸ்பென்ஷனுக்கு அடுத்த கேள்வியின் பதிலைப் பாருங்கள்.

இப்படிப் பிரித்தபின் எஸ்டிமேட் பாதியானால் ஆச்சரியமில்லை. பத்து வருட டீசல் தடை டெல்லி வட்டாரத்துக்குத்தான், சென்னைக்கு அல்ல. 15 வருடம் முடிவதற்கு 60 நாள் முன்பிலிருந்து ஆர்டிஓவில் படிவம் 25 கொடுத்து, வண்டியைக் காட்டி, ஐந்து வருடம் நீட்டிக்கலாம். கட்டணம் 5,000 ரூபாய், கிரீன் டாக்ஸ் தனி.

வைத்துக்கொள்வதா என்பதை எஸ்டிமேட்டைவிடத் துருதான் தீர்மானிக்க வேண்டும். லிஃப்டில் ஏற்றி, கதவுக்குக் கீழுள்ள சில், பின் சஸ்பென்ஷன் பொருந்தும் இடம், சேசிஸ் மடிப்பு மூன்றையும் ஸ்க்ரூடிரைவரால் தட்டச் சொல்லுங்கள். இன்ஜினை மறுபடி கட்டலாம், ஸ்க்ரூடிரைவர் உள்ளே இறங்குகிற பாடியைக் கட்ட முடியாது. பாடி கெட்டியாக இருந்து, கம்ப்ரஷன் சோதனையில் சிலிண்டர்களுக்கிடையே பெரிய வித்தியாசமும் இல்லையென்றால், 60,000 செலவழித்து ஐந்து வருடம் ஓட்டுவது புது ஈஎம்ஐயைவிட மலிவு. துரு இறங்கியிருந்தால் ஒரு ரூபாய்கூடப் போடாமல் விற்றுவிடுங்கள்.

மெட்ரோ வேலை நடக்கும் ரோட்டில் போனால் முன்பக்கம் ‘டொக் டொக்’. நான்கு ஷாக் அப்சார்பரும் மாற்றச் சொல்கிறார்கள். – வாசகர், போரூர்

சின்னப் பள்ளங்களில் அடுக்கடுக்காக வரும் சத்தம் பெரும்பாலும் லிங்க் ராடு. அதை விரலால் பிடித்து ஆட்டினாலே தெரியும். பிரேக் பிடிக்கும்போது ஒரே ஒரு ‘டொக்’ என்றால் லோயர் ஆர்ம் புஷ். நின்ற இடத்தில் ஸ்டீயரிங்கைத் திருப்பும்போது ‘டங்’ என்றால் ஸ்ட்ரட் மவுன்ட் பேரிங். ஷாக் அப்சார்பரில் ஆயில் வழிந்திருந்தாலோ, வண்டியின் மூலையை அழுத்திவிட்டதும் இரண்டு மூன்று முறை குதித்தாலோ மட்டும் மாற்றுங்கள். அப்போதும் முன் ஜோடி, பின் ஜோடி என்று ஜோடியாக மாற்றினால் போதும். லோயர் ஆர்ம் கழற்றினால் வீல் அலைன்மென்ட்டை மறக்காதீர்கள். புஷ் போல்ட்டை வண்டி தரையில் எடையோடு நிற்கும்போதுதான் இறுக்க வேண்டும். ஜாக்கியில் தொங்கும்போது இறுக்கினால் புது ரப்பர் முறுக்கிக்கொண்டு சீக்கிரமே கிழியும்.